தோசைக்கல்லில் வாட்டிய தாகம்

பாலைவனத்தில் தவளை கத்தினால் அது நல்ல சேதி இல்லை. இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. எல்லாரும் தவளைச் சத்தத்தில் தூங்கிப் பழகிய வம்சம். மணல்மேடுகளுக்கு நடுவில் வயல் வெட்டி, நாற்று நட்டு, கடைசியில் தவளையையும் வரவழைத்துவிட்டோம் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

ஊரின் பெயர் புது மருதந்துறை. பழைய மருதந்துறை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்தது; இப்போது அங்கே கடல் இருக்கிறது. கடல் உள்ளே வந்த வருஷம் எனக்கு ஏழு வயது. அறுபத்து நான்கு குடும்பங்களை ரயிலேற்றி, ராஜஸ்தானத்துத் தார்ப் பாலையில், மேற்குப் பெருங்கால்வாயின் கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஐந்து ஏக்கர் மணல், எட்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் கால்வாய்த் தண்ணீர். அது நடந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது.

என் பெயர் ரெஜினா. கால்வாய்த் துறையில் கள உதவியாளர். மண்வாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மண்வாய் என்பது ஒரு முழ நீளக் குச்சி. வயலில் செருகிவிட்டால் மண்ணின் ஈரம், உப்பு, சூடு மூன்றையும் அறிந்து இரண்டு இடத்துக்குச் சொல்லும். ஒன்று, கால்வாய் மதகுகளைத் திறந்து மூடுகிற கணினி. அதற்கு எங்கள் ஊரில் ‘ஓவர்சீயர்’ என்று பெயர். இன்னொன்று, வயல்காரர் வீட்டு அடுப்படியில் இருக்கிற சின்னப் பேசும் பெட்டி. மண்ணுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பெட்டி ‘தாகம்’ என்று வாய்விட்டுச் சொல்லும். நிறைந்துவிட்டால் ‘போதும்’ என்று சொல்லும். போதும் என்ற வயலுக்கு ஓவர்சீயர் மதகைத் திறக்காது. அந்தத் தண்ணீரைக் கீழேயுள்ள ஊர்களுக்கு விட்டுவிடும். மண்ணே பேசிவிட்டால் மனிதர்கள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். பாவம், அவர்கள் யாரும் விவசாயி வீட்டில் பிறக்கவில்லை போலிருக்கிறது.

சித்திரை மாதம் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊர்த் தலைவர் சிங்காரவேலு மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு அறுபது வயது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்ற தன் வயலையும், அதில் நின்ற ஒரு கொக்கையும் மாறி மாறி ரசித்துக்கொண்டிருந்தார்.

“என்னா பாப்பா, கையில காயிதம்? சம்பளம் ஏறிடுச்சா?”

“ஊரக் காலி பண்றதப் பத்தி காயிதம் மாமா.”

சிரித்தபடியே வாங்கினார். படித்து முடித்தபோது சிரிப்பு இல்லை.

“ஆடிப் பதினெட்டு அன்னைக்கி வந்து அளக்குறாங்க,” என்றேன். “பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்குதே நோட்டக்குழாய், அதுல நெலத்தடித் தண்ணி ஒன்றரை மீட்டருக்குக் கீழ இருந்தா நாம இங்கயே இருக்கலாம். அதுக்கு மேல ஏறி இருந்தா, வாழத் தகாத நெலம்னு எழுதிட்டு நம்மள ஏழு டவுனுக்குப் பிரிச்சு அனுப்பிடுவாங்க. நாப்பது மாடிக் கட்டடத்துல ஆளுக்கு ஒரு வீடு.”

“ஏழு டவுனுக்கா? ஊர மொத்தமா இல்லாம?”

“மொத்தமா இல்ல. பிரிச்சு.”

“இப்ப தண்ணி எங்க கெடக்கு?”

“ஒன்னு புள்ளி மூணு ஒன்னு. தரையிலேருந்து நம்ம நெஞ்சளவு ஆழத்துல.”

“அடிசக்கை! அவ்வளவு கிட்டக்க வந்துடுச்சா?” மாமாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. அப்புறம்தான் இது சந்தோஷப்படுகிற இடம் இல்லை என்று நினைவு வந்தது. “சரி, கிட்டக்க வந்தா நல்லதுதான? என்னா கெட்டுச்சு?”

“நம்ம மணலுக்குக் கீழ நாலு ஆள் ஆழத்துல கெட்டிக் களித்தட்டு இருக்கு மாமா. தண்ணி அதத் தாண்டி எறங்காது. இருபத்தொம்பது வருஷமா குண்டான்ல ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்கோம். குண்டான் நெறஞ்சிடுச்சு.”

“வடிஞ்சி போவாதா?”

“எங்க வடியும்? நம்மூர்ல வடிகாலெல்லாம் கடல்ல போய்ச் சேரும். இங்க கடல் எங்க இருக்கு?”

“கடல் வேணான்னுதான இவ்வளவு தூரம் வந்தோம்,” என்றார் மாமா.

“ஏறி வர்ற தண்ணி அடியில கெடந்த உப்பையும் தூக்கிக்கிட்டு வருது. உங்க சொவத்தப் பாருங்க.”

சுவர் முழங்கால் உயரம்வரை வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளிருந்து அபிராமி அத்தை எட்டிப் பார்த்தாள். “நான் சுண்ணாம்புன்னுல்ல நெனச்சேன்!”

“உப்பு அத்தை. வேணும்னா சொரண்டிக் கொழம்புல போடுங்க. பிள்ளையார் கோயில் வன்னிமரம் மஞ்சளாயிட்டு வருதே, அதுவும் இதனாலதான். வன்னி வறண்ட மண்ணுக்குன்னே பொறந்த மரம். தண்ணியத் தேடி வேர் ஆழத்துக்குப் போவும். இப்ப தண்ணியே மேல வந்து வேர மூச்சு முட்ட வைக்குது. இந்தச் சுத்துவட்டாரத்துல வன்னிய நம்பித்தான் ஆடு, ஒட்டகம் எல்லாம் பொழைச்சுது. மூணு வருஷமா ஆடு மேய்க்கிறவங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல, கவனிச்சீங்களா?”

“இப்ப என்னாங்குற? நெல்லு நடக் கூடாதா?”

“ஆடி வரைக்கும் தண்ணியே எடுக்கக் கூடாதுங்குறேன். வெயில் காலம். நாம ஊத்தாம இருந்தாலே அந்த வெயிலே இழுத்துக் காயவச்சிடும்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மண்ணுக்கு வேணுமா வேணாமான்னு சொல்றதுக்குத்தான மண்வாய் வச்சிருக்கு? அதுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

சொல்லி வைத்தாற்போல அடுப்படியில் பெட்டி பேசியது. இந்தப் பெட்டிகள் வீட்டில் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டு ராகத்திலேயே பேசக் கற்றுக்கொள்ளும். இது அத்தையின் ராகத்தில் ஆரம்பித்தது. “தாகமா இருக்கு. காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி இல்ல. இந்த வீட்டுல என்னைய என்னான்னு கேக்க ஆள் இல்ல.”

நான் வயலைப் பார்த்தேன். கொக்கு ஒரு மீனைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். தோசைக்கல்லின் மேல் மண்வாய் படுத்திருந்தது. அத்தை தோசைத் திருப்பியால் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஈரமா இருந்துச்சுடி,” என்றாள். “சும்மா ஒரு வாட்டு வாட்டுனேன்.”

நான் அதிர்ந்து போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு இது புதிதில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலும் எழுபது டிகிரி சூடு காட்டுவது என் திரையில் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது. தார்ப் பாலையில் நடு வெயிலில்கூட ஒரு முழ ஆழத்து மண் அப்படிச் சுடாது. ஓவர்சீயர் அந்தச் சூட்டை மட்டும் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடும். நானும் ‘சரி’ என்று ஒரு குறி போட்டுவிட்டுப் போய்விடுவேன். ஏனென்றால் என் அம்மா ஆரோக்கியமேரியும் எங்கள் வீட்டு மண்வாயை இஸ்திரிப் பெட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொந்த அம்மாவைப் பற்றி அறிக்கை எழுத எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொன்னால், இந்த ஊர் மூழ்கியதில் என் குறிகளுக்கும் பங்கு உண்டு.

“ஏன் மாமா இப்படி?” என்றேன்.

“மூணு தடவ தண்ணி வேணான்னா பட்டா போயிடும்.”

“எந்தச் சட்டத்துல இருக்கு? நான் முழுசா படிச்சிருக்கேன், அப்படி ஒரு வரி இல்ல.”

“எல்லாரும் சொல்றாங்களே.”

“மொதல்ல யாரு சொன்னா?”

மாமா தாடையைச் சொறிந்தார். “நான்தான் சொல்லியிருப்பேன்,” என்றார். பிறகு குரல் இறங்கியது. “நாம காவிரிக்குக் கடைமடைக்காரங்க, பாப்பா. ஒனக்கு நெனவு இருக்காது. மேல இருக்குறவன் எல்லாம் குடிச்சு மிஞ்சுனா நமக்கு. ஒரு வருஷம் மழை நல்லாப் பேஞ்சுதுன்னு, இந்தத் தடவ வேணாம், மத்தவங்களுக்கு விடுங்கன்னு பெருந்தன்மையா சொல்லிட்டோம். அடுத்த வருஷம் கேட்டா, போன வருஷம் இல்லாமத்தான இருந்தீங்கன்னான். அதுக்கப்புறம் நாலு வருஷம் ஒரு சொட்டு வரல. நடுரோட்டுல உக்காந்து மூணு தடவ உள்ள போயிருக்கேன். அந்தப் பயம் போவ மாட்டேங்குது.”



அடுத்த நாள் ஊர்க்கூட்டம் போட்டோம். நான் விளக்கினேன். மாமாவும் அரை மனசோடு பேசினார். ஊர் பிரியக் கூடாது, ஆடிவரை யாரும் தண்ணீர் எடுப்பதில்லை என்று அறுபத்து நான்கு குடும்பமும் கை தூக்கியது. கைதட்டல் வேறு. எட்டு நாள் கழித்து நோட்டக்குழாயில் பார்த்தேன்: ஒன்று புள்ளி மூன்று பூஜ்யம். ஒரு சென்டிமீட்டர் மேலே வந்திருந்தது. மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள், நம் ஒரு வயலால் என்ன ஆகிவிடும் என்று அறுபத்து நான்கு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். தெருவில் நடந்தால் ஒவ்வொரு அடுப்படியிலிருந்தும் ‘தாகம், தாகம்’ என்று சத்தம். நடுநடுவே தவளை.

அப்போதுதான் எனக்கு ரேத்தாசர் நினைவு வந்தது. எங்களுக்குக் கீழே நாற்பது கிலோமீட்டரில், கால்வாய் முடிகிற இடத்தில் இருக்கிற ஊர். என் திரையில் அந்த ஊரின் எழுபது வயல்களும் ஒன்பது வருஷமாக ‘போதும், போதும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே நான் போனதே இல்லை. குறையே சொல்லாத ஊருக்கு எந்தக் கள உதவியாளர் போவார்?

“மாமா, ஒம்பது வருஷமா வேணாங்குற ஊர் ஒன்னு இருக்கு,” என்றேன். “அங்க ஒருத்தருக்கும் பட்டா போவல. நீங்களே நேர்ல பாத்துட்டு வந்து ஊருக்குச் சொல்லுங்க.”

மறுநாள் காலை ஜீப்பில் கிளம்பினோம். செழிப்பான ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இருபதாவது கிலோமீட்டரில் கால்வாயில் தண்ணீர் முழங்கால் அளவு. முப்பதாவதில் ஈரம் மட்டும். அதற்கப்புறம் கால்வாய்க்குள் மணல் மேடு கட்டியிருந்தது. ரேத்தாசரில் கால்வாய்க்குள் ஆடுகள் படுத்திருந்தன.

ஜீப்பை நிறுத்தி இறங்கினோம்.

ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், தலையில் சிவப்பு முக்காடு, கையில் ஒரு சொம்புடன் கட்டாந்தரையாகக் கிடந்த வயலுக்குள் நடந்து போனாள். மண்வாய்க்கு முன்னால் குனிந்து சொம்புத் தண்ணீரை அதன் அடியில் பொறுமையாக ஊற்றினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் தாபு தேவி.

இங்கே எங்கள் காதில் மாட்டும் மொழிமாற்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் யாரோ கோயமுத்தூர்க்காரர். அதனால் ராஜஸ்தானத்தில் யார் எங்களிடம் பேசினாலும் கொங்குத் தமிழில்தான் கேட்கும். நாகப்பட்டினத்து ஆட்களுக்கு இதில் தீராத எரிச்சல்.

“வாங்க அம்மிணி, வாங்கண்ணா,” என்றாள் தாபு தேவி. “வெயில்ல நிக்கறீங்களே, ஊட்டுக்கு வாங்க. ஒரம்பரைக்கு ஒரு டீயாச்சும் வெச்சுக் குடுக்கறனுங்.”

“அந்தக் குச்சிக்கு எதுக்கும்மா தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்டேன்.

“தெனமும் ஊத்தோணுங். காஞ்சு போச்சுன்னா தரிசுன்னு எழுதி நெலத்தப் புடுங்கிக்குவாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. வாரம் ஒருக்கா லாரியில குடிக்கற தண்ணி வருதுங். அதுல ஊட்டுக்கு ஒரு சொம்பு இதுக்குன்னு எடுத்து வெச்சுருவோம்.”

“அப்படிச் சட்டம் எதுவும் இல்லியேம்மா!”

“இல்லீங்களா? அது யாருக்குங் தெரியும்? இங்க கேக்கறதுக்கு யாரும் வந்ததில்லீங்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மேலே இருப்பவன் நனைந்ததைக் காயவைக்கிறான். கீழே இருப்பவள் காய்ந்ததை நனைக்கிறாள். நடுவில் ஓவர்சீயர் இரண்டு பொய்யையும் நம்பி, மூழ்குகிற ஊருக்கே மேலும் மேலும் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. உண்மையை மறைக்கக் கூடாதென்று தோசைக்கல், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் தாபு தேவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நாங்க ஊத்தறோம், நீங்க வாட்டறீங்! நல்ல கூத்துங் இது!”

மாமா சிரிக்கவில்லை. காய்ந்த கால்வாய்க்குள் இறங்கி, வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஓர் ஆடு எழுந்து இடம் விட்டது.

“நாங்களும் கொடத்துல தூக்கியாந்து நாத்துக்கு ஊத்தியிருக்கோம்,” என்றார். “எங்க ஆத்தா மேக்குப் பாத்து மண்ண வாரி வீசுவா. தலைமடைக்காரன் வெளங்க மாட்டான், அவன் குடி வெளங்காதுன்னு கத்துவா.” கொஞ்ச நேரம் மணலைக் கையால் அளைந்தார். “பாப்பா, அந்தத் தலைமடைக்காரன் இப்ப நான்தானா?”

“ஆமா மாமா,” என்றேன். வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

தாபு தேவி டீ கொண்டுவந்தாள். அந்த டீக்கான தண்ணீரும் வாரம் ஒருமுறை வருகிற லாரித் தண்ணீர்தான். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“உங்கூர்ல தண்ணியெல்லாம் எப்படிங்கண்ணா?” என்று கேட்டாள்.

“இருக்கு,” என்றார் மாமா. “கொஞ்சம் சேத்தியாவே இருக்கு.”

திரும்பி வரும் வழியில் மாமா புலம்பிக்கொண்டே வந்தார். அறுபத்து நான்கு குடும்பத்தையும் இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும், கண்ணால் பார்த்தால் ஒருத்தரும் மண்வாயைத் தொட மாட்டார்கள் என்றார்.

“வெதப்புக்கு முன்னாடி அத்தன பேரையும் கெளப்ப முடியாது மாமா,” என்றேன். “கண்ணால பாக்க வேணாம். காதால கேட்டாப் போதும்.”

அன்று சாயங்காலமே அதைச் செய்தேன். துறை அனுமதி கேட்டால் ஆறு மாசம் ஆகும், கேட்கவில்லை. மண்வாய்கள் பேசுகிற அடுப்படிப் பெட்டிகளின் முகவரிகளை மட்டும் மாற்றினேன், அவ்வளவுதான். ரேத்தாசர் வயல்களின் பேச்சு எங்கள் அடுப்படிகளுக்கு. எங்கள் வயல்களின் பேச்சு ரேத்தாசர் வீடுகளுக்கு. தாபு தேவியிடம் சொல்லி, அந்த ஊரில் யாரும் இனிமேல் குச்சிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஏற்பாடு செய்தேன். தெரிந்தால் எனக்கு வேலை போகும். ஊரே போகப்போகிறது, வேலையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஐந்தாம் நாள் ரேத்தாசர் மண் உண்மையைப் பேச ஆரம்பித்தது. அத்தை மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டி, ரேத்தாசர் வீட்டு ராகத்தை மொழிமாற்றியின் கொங்குத் தமிழில் சொன்னது: “ஏனுங்க, எனக்குத் தாகமுங்க. அவசரமில்லீங்க. சாவகாசமா வந்தாப் போதுமுங்க.”

முதல் நாள் ஊரே சிரித்தது. இரண்டாம் நாள் சிரிப்பு குறைந்தது. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அதே குரல், அதே மரியாதை. சண்டை போட்டிருந்தால் எங்கள் ஆட்கள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார்கள். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் என்ன செய்வது? மூன்றாம் நாள் ஒருவர் பெட்டியின் மேல் தலையணையை வைத்து அமுக்கினார். இன்னொரு வீட்டில் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மோர் எடுக்கத் திறந்தபோதெல்லாம் உள்ளிருந்து ‘ஏனுங்க’ என்றது.

“பெத்த புள்ள பசிக்குதுன்னு கேக்குற மாதிரியே கேக்குதுங்க,” என்று அத்தை மாமாவிடம் சொன்னாள். “எனக்குச் சோறு எறங்கல.” அன்று எங்கள் முறை நாள். தோசைக்கல்லில் தோசை மட்டும் வார்த்தாள். மாலையில் என் அம்மா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஜெபம் பண்ணப் போய்விட்டாள்.

ரேத்தாசரில் நடந்த கூத்து வேறு. எங்கள் வயல்களின் பேச்சு அங்கே அவர்கள் மொழியில், எங்கள் வீட்டுப் பெண்களின் ராகத்தில் போய்ச் சேர்ந்தது. தாபு தேவி தினமும் காலையில் மாமாவுக்குப் போன் செய்வாள்.

“ஏனுங்கண்ணா, உங்க வயலு எங்கூட்டுல ஒரே பொலம்பலுங். மூச்சு முட்டுதாமா, உப்புக் கரிக்குதாமா, கேக்க நாதி இல்லியாமா. காலங்காத்தால கேக்க முடியலீங். மொதல்ல அதுல இருக்கற தண்ணிய வடிச்சு உடுங்.”

“வடிச்சிட்டேன் தாயி, வடிச்சிட்டேன்,” என்பார் மாமா.

வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் ஓவர்சீயர் ரேத்தாசர் மதகைத் திறந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மாமாவும் நானும் போயிருந்தோம். தண்ணீர் வேகமாக வரவில்லை. மணலை நனைத்து, சருகைத் தள்ளி, நுரையோடு நடை வேகத்தில்தான் வந்தது. ஆடுகள் எழுந்து ஓடின. மாமா ஒரு கை நெல்லையும் நாலு அரளிப்பூவையும் எடுத்து வந்திருந்தார். கால்வாய்க்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, நெல்லையும் பூவையும் அதன் மேல் தூவினார். கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் பழைய ஊரில் இப்படித்தான் செய்வார்களாம். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, இரண்டு முறை கால் தடுக்கி விழுந்து எழுந்தார். ரேத்தாசர் சனங்கள் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

நோட்டக்குழாயில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வைகாசிக் கடைசியில் ஒன்று புள்ளி மூன்று ஆறு. ஆனி நடுவில் ஒன்று புள்ளி நான்கு இரண்டு. இதற்கிடையில் நெல்லுக்குப் பதில் கம்பு விதைத்தோம். அறுவடைக்கு முன்பே பழகிக்கொள்வதற்காக, மாமா கம்பங்களியை மருந்து சாப்பிடுவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். ஆனிக் கடைசியில் ஒரு மழை பெய்தது; ஊரே குழாயைச் சுற்றி நின்றது. வெளுத்த வானத்தைப் பார்த்து என் அம்மா மாதாவுக்கும், அத்தை பிள்ளையாருக்கும் வேண்டிக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் மழை வேண்டும் என்று கும்பிட்ட ஆட்கள், முதல் தடவையாக வேண்டாம் என்று கும்பிட்டார்கள்.

ஆடிப் பதினெட்டு. கால்வாய்க்கரையில் மஞ்சள் கயிறு, முளைப்பாரி, புளிச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் தயார். ஆய்வு அதிகாரி வந்தார். தமிழ்க்காரர்தான்; சின்ன வயது, சாந்தமான முகம். குழாய்க்குள் அளவுநாடாவை இறக்கினார்.

“ஒன்று புள்ளி ஐந்து மூன்று,” என்றார்.

மூன்று சென்டிமீட்டர்தான். அது போதும். கொட்டு முழங்கியது. அத்தை அதிகாரியின் கையில் புளிச்சோற்றை வைத்தாள், வாங்கிக்கொண்டார். பிள்ளையார் கோயில் வன்னியில் ஒரு கிளை துளிர்த்திருக்கிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். மாமா என் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். இனி நாங்கள் பிரிய வேண்டாம்.

அதிகாரி தன் திரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “இந்த ரெண்டு ஊர் மண்வாய் முகவரியும் மாறிக் கிடக்குதே? ஏதோ தவறு நடந்திருக்கு. நானே சரி பண்ணிவிட்டுப் போகட்டுமா?”

“வேணாம்!” என்று ஊரே கத்தியது. அதிகாரி திடுக்கிட்டுப் போய், சரி என்று புளிச்சோற்றை மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாமா நாற்காலியில் சாய்ந்து, கம்பு வளர்ந்திருந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கு இல்லை. அடுப்படியில் பெட்டி பேசியது.

“போதுமுங்க. ரொம்பப் போதுமுங்க. மூச்சு முட்டுதுங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. தாபு தேவி.

“ஏனுங்கண்ணா, ஆடி நோம்பி நல்லாப் போச்சுங்களா? உங்க ஊரு தப்பிச்சுருச்சுன்னு கேட்டு ரொம்பச் சந்தோசமுங். நாங்க வரப்புக் கட்டித் தண்ணிய நிப்பாட்டி வெச்சிருக்கறோம். வயலு பூராவும் வானம் தெரியுதுங், அத்தன அழகு! நெல்லு வெதை இருந்தா ரெண்டு படி குடுத்து உடுங். அப்புறம் ஒரு வெசயமுங். நாளைக்கி எங்க முறை. இந்தக் குச்சி உங்கூட்டுல ‘போதும்’னுதான் சொல்லியிருக்கும், மதகு தொறக்காது போல இருக்குதுங். எங்கூட்டுல தோசைக்கல் இல்லீங், ரொட்டி சுடற தவா இருக்குது. அதுல எத்தன நேரம் வாட்டோணும்னு அண்ணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்.”

மாமா போனைப் பொத்துவதற்குள் அடுப்படியிலிருந்து அத்தை வெள்ளந்தியாகக் குரல் கொடுத்துவிட்டாள்: “மெதுவான தீயில அஞ்சு நிமிசம்! ரெண்டு பக்கமும் திருப்பிப் போடணும்!”

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து உதறினார்.

“தாயி, அந்தக் குச்சியத் தொடாத. நான் வந்துக்கிட்டே இருக்கேன்,” என்று போனில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “வண்டிய எடு பாப்பா. அந்தக் குண்டான் கதைய மொதல்லேருந்து சொல்லணும்.”